யாரெல்லாம் வந்திருந்தார்கள்: ராபர்ட்சன்பேட்டையில் கல்யாணப் போட்டோகிராபரைப் பிடிப்பது

கோலார் தங்கவயலில் வரவேற்பு என்றால் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் ராத்திரி. பத்திரிகையில் மாலை 6.30 என்று அச்சடித்திருப்பார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் மேடைக்கு வர எட்டாகும். யாரும் குறை சொல்வதில்லை. பெங்களூரில் வேலை முடித்து மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்தவர்கள் மண்டபம் வந்துசேரவே அந்த நேரம் ஆகிவிடும். எட்டேகாலுக்கு வரிசை நிற்கத் தொடங்கும். மேடையின் ஒரு பக்கம் ஏறி, மொய்க் கவரைக் கையில் கொடுத்து, நடுவில் ஒரு நிமிஷம் நின்று, மறுபக்கம் இறங்க வேண்டும். எதிரே ஸ்டூல் மேல் நிற்கும் போட்டோகிராபர், "அண்ணா, கொஞ்சம் உள்ள வாங்க. அக்கா, கொழந்தைய முன்னாடி நிக்க வைங்க. எல்லாரும் இங்க பாருங்க" என்பார். ஒரு வெளிச்சம். அடுத்த குடும்பம். பத்து மணி, பதினொரு மணிவரை இதே வேலை. கடைசிப் பந்திக்கு இலை போட்ட பிறகும் நாலு பேர் ஓடிவந்து மேடையேறுவார்கள்.

இந்தப் படங்களை இன்றைய கல்யாணப் போட்டோத் தொழில் அவ்வளவாக மதிப்பதில்லை. ராபர்ட்சன்பேட்டை ஸ்டூடியோவில் கேட்டாலும் பெங்களூர்க் குழுவைக் கேட்டாலும் பேக்கேஜ் இரண்டு தட்டாகத்தான் வரும். மேல் தட்டில் கேண்டிட், சினிமாட்டிக், ப்ரீ-வெட்டிங், ட்ரோன், டீசர். கீழ்த் தட்டில் ட்ரெடிஷனல் போட்டோ, ட்ரெடிஷனல் வீடியோ. முதலாவதற்கு இன்ஸ்டாகிராமில் பேர் வாங்கியவர் வருவார். இரண்டாவதற்கு, "நம்ம பையன் ஒருத்தன் வந்து எடுத்துக் குடுத்துடுவான்." பணமும் அதே கணக்கில்தான் பிரியும். இந்த ஊரைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு தலைகீழ் என்பது என் கட்சி. ஸ்டூல் மேல் நிற்கும் அந்தப் பையனுக்குத்தான் முதல் பணமும் முதல் கவனமும் போக வேண்டும். ஏன் என்பதற்கு ஊரின் கதைக்குள் போக வேண்டியிருக்கிறது.

1880இல் லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கோலார்ச் சுரங்கங்களைக் கையில் எடுத்தது. சுரங்கத்துக்குள் இறங்கிய ஆட்கள் பெரும்பாலும் வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து வந்தவர்கள். அவர்களில் பெரும்பகுதி தமிழ் பேசும் தலித் மக்கள். முதலில் மூங்கில் தட்டி வைத்து அடைத்த குடிசைகள், பிறகு வரிசை வீடுகள். இன்றும் ஒருவரைப் பற்றி விசாரித்தால் "எந்த லைன்?" என்பதுதான் முதல் கேள்வி. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து சுரங்கத்துக்கு மின்சாரம் வந்தது. பெங்களூருக்கு அது 1905இல்தான் கிடைத்தது. சுரங்க எல்லையை ஒட்டி, மைசூர் ரெசிடெண்டாக இருந்த ராபர்ட்சன் பெயரில், கோடு போட்டது போல் நேர்நேரான தெருக்களோடு எழுந்தது ராபர்ட்சன்பேட்டை. லைனில் இருந்தவர்களுக்குத் துணி, நகை, பாத்திரம், மருந்து எல்லாம் அங்கே. போட்டோ ஸ்டூடியோவும் அங்கேதான்.

1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. 1962இல் மத்திய அரசுக்குப் போனது. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் லிமிடெட் என்று பெயர் மாறியது. 2001 பிப்ரவரி 28ஆம் தேதியோடு மூடியாயிற்று. நூற்றிருபது ஆண்டில் சுமார் 800 டன் தங்கம், மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம். மூடிய பிறகு ஊர் காலியாகிவிடவில்லை, அதுதான் விசேஷம். வீடு இங்கே, வேலை பெங்களூரில் என்று ஆயிற்று. விடியற்காலை ரயிலில் போய் ராத்திரி திரும்புகிறவர்கள் ஆயிரக்கணக்கில். பெங்களூரிலேயே தங்கிவிட்டவர்கள், சென்னைக்கும் ஓசூருக்கும் போனவர்கள், வளைகுடாவுக்குப் போனவர்கள் இன்னொரு பக்கம். ஒரே லைனில் சுவருக்குச் சுவர் ஒட்டி வாழ்ந்த பத்துக் குடும்பங்கள் இப்போது பத்துத் திசையில். அவர்கள் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் வருவது கல்யாணத்துக்கும் சாவுக்கும். சாவுக்கு யாரும் வரிசையில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வதில்லை.

ஆகவே அந்த மேடை வரிசைதான் இந்த ஊருக்கு மிஞ்சியிருக்கும் குடிக்கணக்கு. மாப்பிள்ளை நெற்றியில் விழும் முடியைப் பெண் ஒதுக்கிவிடும் கேண்டிட் படம் அழகாகத்தான் இருக்கும். அது எந்த ஊரிலும் கிடைக்கும். சாம்பியன் ரீஃப் சுரங்கத்து லைனில் பக்கத்து வீட்டில் இருந்த, இப்போது பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் மகள் வீட்டில் இருக்கும் ஒரு பெரியவர், முழங்கால் வலியோடு நாலு படி ஏறி வந்து நின்ற பத்து விநாடி வேறு எங்கும் கிடைக்காது.

மேடை வரிசையும் ஒரு பதிவுதான். பதிவு என்ற சொல்லுக்கு இந்த ஊரில் கசப்பான இன்னொரு பொருளும் உண்டு. தங்கம் திருடுவார்கள் என்ற சந்தேகம் கம்பெனியை விட்டு அகன்றதே இல்லை. தொழிலாளர் சோதனைக்கு நிற்க வேண்டும், அடையாளம் காட்ட வேண்டும். 1930இல் ஒவ்வொருவரும் கைரேகை வைத்துப் பதிய வேண்டும் என்று உத்தரவு வந்தபோது சுரங்கமே வேலைநிறுத்தத்தில் இறங்கியது. மைசூர் சமஸ்தானத்துத் தொழிலாளர் வரலாற்றை எழுதிய ஜானகி நாயர் இந்தப் போராட்டத்தை விரிவாகப் பேசுகிறார். எங்கள் விரலை உங்கள் புத்தகத்தில் வைக்க மாட்டோம் என்றவர்களின் பேரப்பிள்ளைகள், சொந்தக் காசு கொடுத்து, தாங்களே தேர்ந்தெடுத்த சட்டையில், தாங்களே தேர்ந்தெடுத்த ஆளுக்கு முன்னால் நின்று எடுத்துக்கொண்ட பதிவு கல்யாண ஆல்பம். இதை வெறும் ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வருவதில்லை.

மத்தியப் பிரதேசத்தில் நாக்தா என்ற ஆலை நகரத்து ஸ்டூடியோக்களில் உட்கார்ந்து மானிடவியலாளர் கிறிஸ்டோபர் பின்னி 1997இல் ஒரு புத்தகம் எழுதினார். ஸ்டூடியோவுக்கு வருகிறவர் தன் அன்றாட முகத்தைத் தேடி வருவதில்லை, ஆக விரும்பும் முகத்தைத் தேடி வருகிறார் என்பது அவர் அங்கே கண்டவற்றில் ஒன்று. தங்கவயலுக்கும் அது பொருந்தும், ஒரு சின்னத் திருத்தத்தோடு. இங்கே தனி முகத்தைவிடக் கூட்டம் முக்கியம். யாரோடு நின்றோம் என்பதுதான் படத்தின் பெருமை.

போட்டோவுக்கும் இந்த ஊருக்கும் வேதியியல் உறவும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் போக முடியாது. போட்டோவின் தொடக்க காலத்து டாகர் முறைப் படங்கள் விரல் பட்டாலே அழிந்துவிடும். 1840இல் ஹிப்போலைட் ஃபீசோ என்ற பிரெஞ்சுக்காரர் தங்க உப்புக் கரைசலை ஊற்றிச் சூடாக்கி அவற்றை நிலைக்க வைத்தார். அதன் பிறகு பத்தொன்பதாம் நூற்றாண்டுக் காகிதப் படங்களில் நாம் இன்று பார்க்கும் அந்தக் கரும்பழுப்பு நிறத்துக்குப் பெரும்பாலும் தங்க டோனிங்தான் காரணம். 1851இல் ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் கொண்டுவந்த ஈரத்தட்டு முறையில் படத்தை நிலைப்படுத்தப் பலர் பயன்படுத்தியது பொட்டாசியம் சயனைடு. வெளிச்சம் படாத வெள்ளி உப்பைக் கரைத்து எடுத்துவிடும் அதன் குணமும், 1887இல் கிளாஸ்கோவில் காப்புரிமை பெற்ற சயனைடு முறையில் பாறைத்தூளிலிருந்து தங்கத்தைக் கரைத்தெடுக்கும் குணமும் ஒன்றே. உலோகத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிடும். கோலாரில் டெய்லர் கம்பெனி காலூன்றிய நேரத்தில் ஈரத்தட்டு முறை ஓயத் தொடங்கியிருந்தது. ஒரு விஷம் இருட்டறையை விட்டு வெளியேறிய வேகத்தில் சுரங்கத்துக்குள் நுழைந்தது என்று வைத்துக்கொள்ளலாம். அது விட்டுப்போன கழிவு மேடு இன்றும் ஊரைச் சுற்றி மலை மலையாய் நிற்கிறது. அந்த மேட்டுக்குக் கடைசியில் வருகிறேன்.

பிலிம் காலத்துக் கல்யாணம் எண்ணிக்கையின் கல்யாணம். யாஷிகா மாதிரியான இரட்டை லென்ஸ் கேமராவில் ஒரு 120 சுருளுக்குப் பன்னிரண்டு படம். நாலு சுருள் என்று பேசியிருந்தால் நாற்பத்தெட்டு. அதற்குள் பந்தக்கால், தாலி, இரு வீட்டார், மேடை வரிசை எல்லாம் அடங்க வேண்டும். யாரை விடுவது என்று போட்டோகிராபர் மனசுக்குள் ஒரு தராசு வைத்திருப்பார். பெண்ணின் தகப்பனார் பக்கத்தில் நின்று காதைக் கடிப்பார்: "அவரு என் போர்மேன், அவர எடு." ஊட்டியில் 1960இல் அமைந்த பொதுத்துறை நிறுவனமான ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளைப் பிலிமும் காகிதமும் செய்து விற்றது. தங்கம் எடுத்த பொதுத்துறைக்கும் வெள்ளி பூசிய பொதுத்துறைக்கும் கடைசியில் ஒரே கதி. 1980களில் வீடியோ வந்ததும் எண்ணிக்கை போயிற்று. மூன்று மணி நேரக் கேசட், சுடச்சுடக் கண்ணைக் கூச வைக்கும் விளக்கு, பிறகு 'மிக்ஸிங்' என்ற பெயரில் இதய வடிவத்துக்குள் மணமக்களைச் சுழற்றி எடுக்கும் வேலை. அந்தக் கேசட்டுகளில் பல இன்று பூஞ்சை பிடித்து ஓடாமல் கிடக்கின்றன. அதே வீட்டில் நாற்பத்தெட்டு கறுப்பு வெள்ளைப் படம் ஒட்டிய கறுப்பு அட்டை ஆல்பம் அப்படியே இருக்கிறது.

சுரங்க வீடுகளில் கல்யாணப் படத்துக்கு இரண்டாவது வேலை ஒன்றும் வந்துசேரும். பாறை வெடிப்பிலோ சிலிக்கோசிஸ் நோயிலோ ஒருவர் போய்விட்டால், மாலை போட்டு மாட்ட ஒரு முகம் வேண்டும். தனியாக எடுத்த படம் பெரும்பாலும் இருக்காது. ஆல்பத்தை எடுத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போவார்கள். கல்யாண மாலையோடு நிற்கும் இருபத்தைந்து வயது முகத்தைப் பெரிதாக்கி, பக்கத்தில் நின்ற பெண்ணின் தோளை அழித்து, பின்னால் நீலத் திரை போட்டுக் கொடுப்பார்கள். உற்றுப் பார்த்தால் சில படங்களில் அழிக்காமல் விட்ட சேலைக் கரை ஓரமாகத் தெரியும்.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவோடு தமிழ் ஸ்டூடியோக்களின் பழைய படங்களைத் தேடி எண்மமாக்கியபோது, அந்தப் படங்கள் குடும்பத்துக்கு வெளியேயும் மதிப்புள்ள ஆவணம் என்பது ஓரளவு உறைத்தது. ஆனால் நெகட்டிவ் பெட்டிகள் எடைக்குப் போவதும், அதிலிருக்கும் வெள்ளிக்காக உருக்கப்படுவதும் எல்லா ஊரிலும் நடந்ததுதான். தங்கவயலில் இரண்டு முடிவுகள் ஒரே காலத்தில் வந்தன. சுரங்கம் 2001இல் மூடியது. அடுத்த சில ஆண்டுகளில் ஸ்டூடியோக்களும் டிஜிட்டலுக்கு மாறி இருட்டறையை ஜெராக்ஸ் அறை ஆக்கின. ஊர் சிதறத் தொடங்கிய அதே நேரத்தில் ஊரின் படமும் ஹார்ட் டிஸ்குக்குள் போய்ப் புகுந்தது.

என் சித்தி மகள் கல்யாணத்தில் அதன் ருசியை நாங்கள் பார்த்தோம். வரவேற்பில் மேடையேறியவர்கள் ஏறக்குறைய முந்நூறு குடும்பம். ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்க நாலு மாதம் சோம்பேறித்தனமாக இருந்தது எங்கள் தப்பு. கேட்டுப் போனபோது, டிஸ்க் கீழே விழுந்துவிட்டது, இன்னொரு பிரதி இல்லை என்றார் ஸ்டூடியோக்காரர். முகூர்த்தப் படங்கள் வேறொரு கார்டில் இருந்ததால் தப்பின. வரவேற்பு முழுக்கப் போயிற்று. முன்பணத்தைத் திருப்பித் தர அவர் தயாராக இருந்தார், மரியாதையான மனிதர்தான். சித்தப்பா பணத்தை வாங்கிக்கொள்ளவில்லை. அந்த ராத்திரி வந்திருந்த அவருடைய பழைய ஷிப்டுக்காரர்களில் மூன்று பேர் அந்த ஆண்டே இறந்துபோனார்கள்.

ஆகவே, போட்டோகிராபரைப் பிடிக்கப் போகும்போது முதலில் கேட்க வேண்டியது கேமரா மாடலை அல்ல. "அன்னைக்கு யாரு வருவாங்க?" என்று கேட்க வேண்டும். ஆடியும் மார்கழியும் கழித்து, வளர்பிறை முகூர்த்தம் என்று சுருக்கினால் ஆண்டில் கல்யாண நாட்கள் கொஞ்சம்தான். ஒரே நாளில் நாலு மண்டபத்துக்கு ஒரே ஸ்டூடியோ முன்பணம் வாங்கியிருக்கும். முதலாளி ஒரு மண்டபத்தில், மற்ற மூன்றில் நாள் கூலிக்கு வரும் பையன்கள். அவர்களில் நல்ல கைக்காரர்கள் நிறைய உண்டு. பலர் பெங்களூரிலிருந்து மத்தியான ரயிலில் இறங்கி, மண்டபம் எங்கே என்று ஆட்டோக்காரரைக் கேட்டு வருகிறவர்கள். வருபவரின் பெயரும், அவர் எடுத்த ஒரு முழுக் கல்யாணமும் வேண்டும் என்று கேளுங்கள். இன்ஸ்டாகிராமில் போட்ட முப்பது படம் போதாது. ஒரு கல்யாணத்தின் எல்லாப் படமும், முதல் குத்துவிளக்கிலிருந்து கடைசிப் பந்திவரை. நல்ல படம் எல்லாருக்கும் முப்பது விழும். மோசமான படம் எவ்வளவு மோசம் என்பதில்தான் ஆளின் தரம் தெரியும்.

அடுத்தது, அவருக்கு எந்த விநாடி முக்கியம் என்று தெரிந்திருக்க வேண்டும். இது மற்ற ஊர்களைவிட இங்கே கடினம், ஏனென்றால் ஒரே தெருவில் ஆறு வகைக் கல்யாணம். தமிழ்க் கல்யாணத்தில் கெட்டிமேளம் கொட்டும்போது மூன்று முடிச்சு. நாத்தனார் கை குறுக்கே வரும், அட்சதை லென்ஸ் மேல் விழும், நாலு மாமாக்கள் செல்போனோடு முன்னால் எழுந்து நிற்பார்கள். தெலுங்கர் வீட்டில் சுபமுகூர்த்தம் என்பது சீரகமும் வெல்லமும் வைத்த வெற்றிலையை ஒருவர் தலையில் ஒருவர் அழுத்தும் நேரம். தாலி அதற்குப் பிறகு. தாலிக்காகக் காத்து நின்றவர் முகூர்த்தத்தையே விட்டுவிட்டார் என்று பொருள். கன்னட வீட்டில் தாரை வார்க்கும் பால் விழும் கணம். கோயிலில் தாலி கட்டும் தமிழ்க் கிறிஸ்தவக் கல்யாணத்தில் பீடத்துக்கு எவ்வளவு பக்கத்தில் போகலாம் என்று சாமியாரிடம் முதலிலேயே கேட்டுவைக்க வேண்டும். நிக்காஹ்வில் சம்மதமும் கையெழுத்தும். பெண் வேறு அறையில் இருந்தால் இரண்டு ஆள் தேவை.

ஆறாவது வகை பவுத்தக் கல்யாணம், தங்கவயலுக்கே உரிய சொத்து. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் தமிழ்ப் பவுத்தச் சிந்தனையாளர் அயோத்திதாசரின் வழியில் பவுத்த சங்கங்கள் நடந்தன. அவர் நடத்திய 'தமிழன்' இதழ் அவர் 1914இல் மறைந்த பிறகு ஜி. அப்பாதுரையார் ஆசிரியராக இருந்து இங்கிருந்து வெளிவந்தது. அயோத்திதாசரின் எழுத்துகளை நூலாக்கிய சித்தார்த்தா புத்தகசாலையும் சாம்பியன் ரீஃபில்தான் இருந்தது. அக்கினியும் புரோகிதரும் இல்லாமல், பஞ்சசீலம் சொல்லி நடக்கும் கல்யாணத்துக்கு வெளியூர்ப் போட்டோகிராபர் வந்தால், "எப்ப ஆரம்பிப்பாங்க?" என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே முடிந்துவிடும். சுயமரியாதைத் திருமணமும் அப்படித்தான்.

இதில் ஒரு சட்ட முடிச்சும் இருக்கிறது. அண்ணா ஆட்சியில் 1967இல் வந்த திருத்தம் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைச் சேர்த்து, சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லத்தக்கது ஆக்கியது. அது தமிழ்நாட்டுக்கான திருத்தம். எல்லைக்கு இந்தப் பக்கம், கர்நாடகத்தில் இருக்கும் தங்கவயல் தமிழருக்கு அந்தப் பிரிவின் துணை இல்லை. பதிவு அலுவலகத்தில் பத்திரிகையும் மணமக்கள் போட்டோவும் கேட்பது வழக்கம். சடங்கு சுருக்கமான கல்யாணத்தில், மாலை மாற்றும் படமும் உறுதிமொழி சொல்லும் படமும் சாட்சிகள் பக்கத்தில் நிற்கத் தெளிவாக இருக்க வேண்டும். போட்டோ மட்டுமே கல்யாணத்தை நிரூபித்துவிடாது. ஆனாலும் கேள்வி வரும் நாளில் அது கையில் இல்லாமல் போகக் கூடாது.

வெளிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இப்போது எல்லா மண்டபத்திலும் மணமக்களுக்குப் பின்னால் எல்இடி சுவர் வைக்கிறார்கள். அதன் பிரகாசத்தில் கேமரா குழம்பும். ஷட்டர் வேகம் பொருந்தாவிட்டால் படத்தில் குறுக்குக் கோடுகள் ஓடும். கேமராவின் அளவுமானி எதையும் நடுத்தரச் சாம்பல் என்று எடுத்துக்கொள்ளும் குணமுடையது. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, பின்னால் ஒளிச்சுவர் என்றால் கறுத்த முகம் இன்னும் கறுத்து விழும். அதைச் சரிசெய்ய ஃபிளாஷைத் திருப்பி அடிக்கத் தெரிய வேண்டும். தெரியாதவர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து முகத்தைத் தூக்குவார். தூக்கும் கை அங்கே நிற்பதில்லை, சிவக்க வைக்கும்வரை போகும். கோடாக் கம்பெனி நீண்ட காலம் தன் வண்ணச் சோதனை அட்டையில் வெள்ளைக்காரப் பெண்ணின் முகத்தையே வைத்திருந்தது. 'ஷெர்லி அட்டை' என்று லேப்காரர்கள் சொல்வது அதைத்தான். அந்த அட்டை போய்விட்டது, பழக்கம் மவுஸில் உட்கார்ந்திருக்கிறது. தாத்தாவும் அப்பாவும் சுரங்கத்துக்குள் இறங்கி ஏறிய ஒரு வீட்டுப் பெண்ணை ஆல்பத்தில் அவள் அம்மாவுக்கே அடையாளம் தெரியாமல் ஆக்கிக் கொடுப்பது சேவைக் குறைபாடு என்றே சொல்வேன். "கலர் மாத்தக் கூடாது" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பத்தில் எட்டு ஸ்டூடியோ ஆச்சரியமாகப் பார்க்கும்.

தங்கத்தின் விஷயத்தில் மட்டும் கேமரா பெரிய சமதர்மி. நல்ல வெளிச்சத்தில் கவரிங்கும் இருபத்திரண்டு காரட்டும் ஒரே மாதிரி ஜொலிக்கும். எம்.ஜி. மார்க்கெட் பக்கத்து நகைக்கடைக்காரர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

படம் எடுத்த பிறகு அது எங்கே இருக்கும்? 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ரா ஃபைல் ஏறக்குறைய 25 எம்பி. இரண்டு நாளில் நாலாயிரம் படம் என்றால் 100 ஜிபி. வீடியோ தனி. ஒரே நேரத்தில் இரண்டு கார்டில் பதியும் கேமராவா என்று கேளுங்கள். மண்டபத்தை விட்டுக் கிளம்பும் முன், மணவீட்டார் ஒருவரின் டிஸ்கில் ஒரு பிரதி இறக்கித் தர வேண்டும் என்று பேசுங்கள். எடிட் செய்யாத படத்தைத் தர மாட்டோம், தொழிலுக்கு அழகல்ல என்பார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சமையல்காரர் பாதி வெந்ததைப் பரிமாற மாட்டார். பயன்படுத்த வேண்டாம், பத்திரமாக மட்டும் வைத்திருக்கிறோம் என்று எழுதிக் கொடுத்தால் பெரும்பாலும் இணங்குவார்கள்.

எழுதுவது என்றால் பத்திரத் தாள் தேவையில்லை. தேதி, மண்டபம், எத்தனை மணி முதல் எத்தனை மணிவரை, வருபவர் பெயர், ஆல்பம் எத்தனை ஷீட், எத்தனை நாளில், எவ்வளவு முன்பணம், மீதி எப்போது. வாட்ஸ்அப்பில் அனுப்பி அவர் "ஓகே" என்றால் அதுவும் பேச்சுக்குச் சான்று. பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 17ஆவது பிரிவு பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறது. ஒருவர் கேட்டு, காசு கொடுத்து எடுக்கப்பட்ட போட்டோவின் முதல் உரிமையாளர், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், காசு கொடுத்தவரே. ஸ்டூடியோக்காரரின் ரசீதுக்குப் பின்னால் பொடி எழுத்தில் "எல்லா உரிமையும் எங்களுக்கே" என்று இருந்தால் அது அந்த 'வேறு மாதிரி ஒப்பந்தம்' ஆகிவிடக்கூடும். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். மணப்பெண் படத்தை விளம்பரத்துக்குப் போடலாமா கூடாதா என்பதையும் அங்கேயே தீர்த்துவிடுவது நல்லது.

பேசியது நடக்காவிட்டால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 இருக்கிறது. குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம்; பெங்களூர் ஸ்டூடியோ மேல் கோலாரில் போடலாம் என்று அர்த்தம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ரசீது இல்லாமல் மட்டும் போகாதீர்கள். ஜிஎஸ்டி 18 சதவீதம் சேரும் என்பதற்காக "பில் வேணாம் அண்ணா" என்று நாமே சொல்லிவிட்டுப் பிறகு முழிப்பது வாடிக்கை. ஆண்டு வரவு இருபது லட்சத்துக்குக் கீழே உள்ள சின்ன ஸ்டூடியோவுக்குப் பதிவே கட்டாயமில்லை. அவர் தரும் சாதாரண ரசீதே போதும். ட்ரோன் வேண்டுமென்றால் 2021 விதிகளின்படி 250 கிராமுக்கு மேற்பட்டதைத் தொழிலுக்கு ஓட்டச் சான்றிதழ் வேண்டும். பிஇஎம்எல் போன்ற பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை உள்ள ஊர் இது. எங்கே பறக்கலாம் என்று வரைபடத்தைப் பார்த்துவிட்டு ஏற்றச் சொல்லுங்கள்.

சயனைடு மேட்டுக்கு வருகிறேன் என்றேன். பாறையை மாவாக அரைத்துத் தங்கத்தை எடுத்துக்கொண்டு கொட்டிய கழிவு, மூன்று கோடி டன்னுக்கு மேல். மழை அறுத்த வெளிர் மஞ்சள் பள்ளத்தாக்குகள், ஒரு மரமில்லை. காற்றடித்தால் தூள் ஊருக்குள் வரும். கொடியில் காயும் துணியை அள்ளிக்கொண்டு ஓடுவார்கள். 2018இல் வந்த 'கே.ஜி.எஃப்' கன்னடப் படம் அங்கே செட் போட்டு எடுக்கப்பட்ட பிறகு, ப்ரீ-வெட்டிங் ஷூட்டுக்கு வெளியூர் ஜோடிகளும் கேட்கத் தொடங்கினார்கள். வெளிச்சம் உண்மையிலேயே நன்றாக விழும் இடம். வெளிர் மண் தரையே ரிஃப்ளெக்டர் வேலை செய்யும். நீளமான கவுனைத் தூள் மேல் பறக்கவிட்டு எடுக்கும்போது ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். அந்தத் தூளைச் சுவாசித்தவர்கள் ராத்திரி வரவேற்பில் மேடையேறி வரப்போகிறார்கள். ப்ரீ-வெட்டிங்குக்குப் போகும் காசில் பாதியை அவர்களை எடுக்கும் ஆளுக்கு ஒதுக்கினால் போதும். இன்னொரு லைட், இன்னொரு உதவியாள், இரண்டாவது கார்டு. அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னும் ஒன்று பாக்கி. பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைத் திருப்பினால் பின்னால் பென்சிலில் பெயர் இருக்கும், சிலதில் லைனும் ஷிப்டும் இருக்கும். டிஜிட்டல் படத்துக்குப் பின்பக்கம் கிடையாது. ஆனால் ஃபைலுக்குள்ளேயே குறிப்பு எழுத இடம் உண்டு, யாரும் எழுதுவதில்லை. ஆல்பம் வந்ததும் வீட்டில் வயதானவர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, படத்துக்குப் படம் பெயரைக் கேட்டு எழுதிவைக்கலாம். போன தையில் நடந்த ஒரு கல்யாணத்துக்கு நாங்கள் பெரியம்மாவோடு அப்படி உட்கார்ந்தோம். இருநூற்றுப் பதினாறு படத்தில் இருநூற்று மூன்றுக்குப் பெயர் சொன்னாள். மீதிப் பதின்மூன்றையும் போனில் அனுப்பச் சொல்லியிருக்கிறாள், உரிகத்தில் யாரையோ கேட்டுச் சொல்கிறாளாம்.